மருமகனுக்குக் கத்தி தீட்டிய மாமியார்

ஒரு மாமியார் பட்டப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கத்தி தீட்டுகிறாள். யாருக்கு என்று கேட்டால், "மாப்பிள்ளைக்குத்தான்" என்கிறாள். வேறு வீடாக இருந்தால் அக்கம்பக்கம் கூடியிருக்கும். மாப்பிள்ளை துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பார். எங்கள் வீட்டில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தோம். மாப்பிள்ளையும் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அந்த மாமியார் என் அக்கா. அவளைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்ல வேண்டும். அவளாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். அத்தானும் சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அத்தான் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீளப் பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. முன்னால் அத்தான் சவரம் செய்வார், பின்னால் அக்கா கத்திகளைத் தீட்டுவாள். வாடிக்கைக்காரர்களில் முப்பத்தொரு பேருக்குச் சொந்தக் கத்தி உண்டு. பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் அந்தக் காலத்துச் சவரக்கத்திதான். அவற்றை வைக்கச் சுவரில் ஒரு மர அடுக்கு, முப்பத்திரண்டு அறை. ஒவ்வொன்றிலும் அத்தான் கைப்பட ஒரு சீட்டு: போஸ்ட்மாஸ்டர், இரட்டை நாடி, கம்பித் தாடி, தூங்குமூஞ்சி. கடைசி அறை மட்டும் காலி.

இந்த முப்பத்தொரு பேரில் பாதிப் பேரை அக்கா நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கத்தி மூலமாக எல்லோரையும் தெரியும். "தூங்குமூஞ்சிக்கு இடது தாடையில ஒரு சுழி இருக்குது பாரு, அங்கதான் முனை மழுங்குது" என்பாள். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஆண்களின் தாடையை உற்றுப் பார்ப்பாள். அவர்கள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து நிற்பார்கள். எனக்கு மானம் போகும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்த்தாள். லென்ஸின் ஓரத்தை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. கல்யாணத்தன்று பட்டறை முதலாளி வந்து, துணியில் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நகைப்பெட்டி என்று நினைத்து எல்லோரும் சுற்றி நின்று பிரித்தால், உள்ளே கல். சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் நீளம், மேல் பாதி வெளிர் மஞ்சள், கீழ்ப் பாதி கருஞ்சாம்பல். மண்ணுக்கடியில் இருந்து வெட்டி எடுத்த இயற்கைக் கல். முதலாளி மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. "பொண்ணுக்குப் போய்க் கல்லைக் குடுத்திருக்காரே மனுஷன்" என்று அத்தான் வீட்டில் ஒரு மாதம் சிரித்தார்கள். அந்தக் கல்தான் இருபத்துநாலு வருஷமாகச் சலூனைத் தாங்குகிறது.

அப்போதெல்லாம் கத்திகள் வெளியே ஒரு சாணை பிடிப்பவரிடம் போகும். அவர் சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்துத் திருப்பி அனுப்புவார். ஒருநாள் போஸ்ட்மாஸ்டர் நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்து, "ஏம்பா, சவரம் பண்றியா, தோலை உரிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். அத்தான் கத்தியைக் குறை சொன்னார். பெஞ்சில் இருந்த யாரோ, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முனகினார்கள். அத்தானின் முகம் அப்படியே சுண்டிப் போயிற்று. கல்யாணமாகி எட்டே மாதம் ஆன என் அக்கா, அன்று மதியம் அந்தக் கத்தியைப் பட்டறையில் இருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். "இது கத்தி இல்லைங்க, ரம்பம்" என்றாள். மறுநாள் போஸ்ட்மாஸ்டர் சவரம் நடக்கும்போதே குறட்டை விட்டார்.

அவள் தீட்டுவதைப் பார்ப்பது தனிச் சுகம். கல்லை ஈரத்துணி மேல் வைப்பாள். ஒரு குட்டிக் கல்லைத் தண்ணீர் தொட்டு அதன்மேல் தேய்ப்பாள். வெள்ளையாகக் கலங்கல் ஊறும். அதற்கு அவள் வைத்த பெயர் பால். கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் வெட்டுகிற முனையும் ஒன்றாகக் கல்லில் படும்படி, முனை முன்னால் போகத் தள்ளுவாள். கடைசியில் முதுகின் மேலேயே புரட்டி இந்தப் பக்கம் இழுப்பாள். அழுத்தவே மாட்டாள். கத்தியின் கனம் மட்டும்தான். ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட, பால் நீர்த்துக்கொண்டே வந்து கடைசியில் வெறும் தெளிந்த நீர் நிற்கும். அப்போது கத்தி கல்லோடு ஒட்டும். தூக்கினால் கல்லும் கூட வந்துவிடுமோ என்பது போல ஒரு பிடி. "பிடிச்சிடுச்சு" என்பாள் அக்கா. அதற்குமேல் ஒரு சில இழுப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் சோதனை. எதில் என்கிறீர்கள்? என் கையில்தான். முன்கை முடியைத் தொட்டும் தொடாமலும் கத்தியை ஓட்டுவாள். முடி துள்ளி விழுந்தால் சரி. நான் எலெக்ட்ரீஷியன், அரைக்கைச் சட்டை போட்டு ஏணியில் நிற்பவன். கையில் அங்கங்கே வழுக்கை. ஒரு வீட்டுக்கார அம்மா பயந்துபோய்த் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். டாக்டரும் முடி வளர மூன்று மாதம் களிம்பு கொடுத்தார். முடி வளர வளர அக்கா அறுவடை செய்தாள். டாக்டர் குழம்பிப்போய்ப் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதினார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் கத்தியும் எங்கள் அடுக்கில்தான் இருக்கிறது.

இவ்வளவும் பின்னறையில் நடக்கும். முன்னறையில் புகழ் முழுக்க அத்தானுக்கு. "என்ன கைங்க உங்க கை!" என்பார்கள். அத்தானும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் கைவாகுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாததற்கு அவருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆளை உட்கார வைத்து நுரை பூசுவார், நுரை காய்வதற்குள், "கத்தி எங்கே?" என்று கூரை அதிரக் கத்துவார். அக்கா எந்த நிலையில் இருந்தாலும் கத்தியைத் தூக்கித் துடைத்து, "இதோ, வந்துட்டேன்!" என்று தடுப்புக்கு மேலாக நீட்டுவாள். இருபத்துநாலு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவையோ. "இந்த மனுஷனுக்குத் தொண்டையில ஸ்பீக்கர் வச்சுப் படைச்சுட்டான்" என்று அவளும் அத்தனை ஆயிரம் தடவை திட்டியிருப்பாள்.

இவர்களுக்கு ஒரே மகள். ஸ்கூலில் கணக்கு டீச்சர். அவள் யாரைக் கட்டிக்கொண்டாள் தெரியுமா? மார்பு வரைக்கும் தாடி வைத்த ஒரு பையனை. சலூன்காரர் வீட்டுக்குத் தாடிக்கார மாப்பிள்ளை! பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அத்தானை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை தங்கமான ஆள். தாடிக்கும் காரணம் இருந்தது. அவருக்குச் சுருட்டை முடி. மழித்தால், வெட்டுப்பட்ட முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பிப் போய்க் குத்தும். முகமெல்லாம் கொப்புளம் கிளம்பிச் சீழ் வைக்கும். பத்தொன்பது வயதில் ஒருமுறை பட்ட பாட்டில், கத்தியையே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கல்யாணமாகி ஆறாம் மாதம் அவருக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. சின்ன வயதில் இருந்து அவர் கேட்டது அது ஒன்றுதான். ஓட்டத்தில் முதல், ஏணியில் முதல். ஆனால் புகைக்குள் போகிறவர்கள் காற்றுக்குழாய் வைத்த முகக்கவசம் போட வேண்டும். அது தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் முடி இருந்தால் அந்த இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். தாடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டிக்கொண்டு போனார். முதல் சோதனையில் காற்று கசிந்தது. கடையில் வாங்கிய பிளேடால் மழித்துக்கொண்டு போனார். கொப்புளத்தின் மேல் கவசம் உட்காராமல் இரண்டாவது சோதனையிலும் கசிந்தது. ஒரு மாதத்தில் மூன்றாவது சோதனை. அதுதான் கடைசி. அதிலும் கசிந்தால், நிலையத்தில் குழாய் சுருட்டி வைக்கிற வேலை; வண்டியில் ஏற முடியாது.

அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "குழாய் சுருட்டுறதும் வேலைதானே, அத்தை" என்று மட்டும் சொன்னார். அக்கா எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு கத்தியை எடுத்து வந்தாள்.

"மாப்பிள்ளை, உங்க முகம் என் பொறுப்பு" என்றாள்.

அந்தக் கத்திக்கு அவள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். கடை சாத்துகிற மத்தியான நேரங்களில், விடுமுறை நாளில், சோறு தண்ணியை மறந்து கல்லோடு உட்கார்ந்தாள். சாதாரணமாக ஒரு கத்திக்கு அரைமணி நேரம் போதும். இதை மெருகுக்கு மேல் மெருகு, அதற்கும் மேல் மெருகு என்று ஏற்றினாள். கத்தி பிடித்த பிறகும் விடவில்லை. என் கை முடி கத்தி வருவதற்கு முன்னாலேயே பயந்து விழுந்த மாதிரி இருந்தது. "அக்கா, போதும்" என்றேன். "மாப்பிள்ளைக்குடா" என்றாள், அதுவே பதில் என்பது போல.

பத்தாம் நாள், பழைய கொப்புளம் ஆறியிருந்தது, சவரம். அத்தான் புதுத் துணி போர்த்தி, சுடுதண்ணீர்த் துண்டு போட்டு, நுரை பூசி, இடது கன்னத்தில் ஆரம்பித்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே, "கத்தி பட்டதே தெரியல, மாமா" என்றார். தடுப்புக்குப் பின்னால் என்னோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். வலது கன்னத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் புருவம் சுருங்கியது. தாடைக்கு வந்தபோது நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். அத்தான் நிறுத்தி, கத்தியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முடித்துவிட்டார், ஆனால் பாதி முகம் சிவந்து எரிந்தது. மூன்றாம் நாள், எதற்குப் பயந்தோமோ அதுவே வந்தது. கடுகைத் தூவின மாதிரி தாடை முழுக்கக் கொப்புளம்.

மகள் வந்து நின்றாள். கணக்கு டீச்சர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. இது ஆறவே பத்து நாள் ஆகும். இனிமே அவர் முகத்துல இந்த வீட்ல யாரும் கை வைக்க வேண்டாம். உன் ஆசைக்கு அவரோட வேலையா கிடைச்சது?"

அக்கா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. கல்லைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டாள். எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

அடுத்த வாரம் ஸ்விட்ச் மாற்றப் போன சாக்கில் பின்னறைக்குப் போனேன். பழைய கல் ஒன்றில் இரட்டை நாடியின் கத்தியை உயிரே இல்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கத்தி பூதக்கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. குனிந்து பார்த்தேன். முனை நெடுக, பல் உதிர்ந்த சீப்பு மாதிரி பொக்கை பொக்கையாக இருந்தது.

"பென்சிலை ரொம்பச் சீவினா முனை நிக்காம ஒடியும்ல, அதேதான்" என்றாள். "தகடு மெல்லிசாப் போயி, பாதி சவரத்துல உதிர்ந்திருக்கு. கத்தி பிடிச்சதுக்கு அப்புறமும் விடாம தேய்ச்சேன்டா. புத்தி கெட்டவ."

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்று பாய்ந்தேன். "ஊர்ல முப்பத்தொரு பேருக்கும் சரியா வருது. டாக்டருக்கு வருது, அந்தத் தூங்குமூஞ்சிக்குக்கூட வருது. சொந்த மாப்பிள்ளைக்கு வரலையா? அவங்களுக்கு எல்லாம் எப்படிச் சரியா நிறுத்தின?"

அக்கா யோசித்தாள். "நான் எங்கடா நிறுத்தினேன்?" என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து இடி விழுந்தது. "கத்தி எங்கே?"

"இதோ, வந்துட்டேன்!" அக்கா கத்தியைத் தூக்கித் துடைத்து நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று எனக்குப் பயம்.

"இந்த மனுஷன்தான்டா நிறுத்தியிருக்காரு!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை வருஷமும் இன்னும் நாலு இழுப்பு இழுக்கலாம்னு நினைப்பேன், அதுக்குள்ள கத்துவாரு. அது வரைக்கும்தான் முனை தாங்கும் போல. மாப்பிள்ளை கத்தியை மட்டும்தான் கடை சாத்தினப்ப தீட்டினேன். கத்த ஆள் இல்ல."

"அப்போ எண்ணிக்கோயேன். இத்தனை இழுப்புன்னு."

"எண்ணினா மனசு எண்ணிக்கையைப் பாக்கும், கல்லைப் பாக்காது. எனக்கு அவரு சத்தம்தான் வேணும்."

அன்று மத்தியானமே கடையைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினோம். அக்கா அந்தக் கத்தியின் முனையைக் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஒரே இழுப்பாக, மெல்ல இழுத்துக் கொன்றாள். ஒன்பது நாள் உழைப்பு ஒரு கிறீச்சில் போயிற்று. மேல்தட்டில் இருந்து கல் இறங்கியது. முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

அத்தானுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்துநாலு வருஷம் எதற்காகத் திட்டு வாங்கினாரோ, அதையே செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "கத்தி எங்கே" என்று ஒரு குரல் வந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் இரண்டாவது சேவகன் பேசுகிற மாதிரி இருந்தது.

"இது வேணாங்க! நிஜமா கத்துங்க!" என்றாள் அக்கா.

"நாற்காலி காலியா இருக்கும்போது எங்கேருந்துடி நிஜம் வரும்? ஆளு வேணும்!"

அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பிடித்து உட்கார வைத்து, காது வரைக்கும் நுரை பூசினார். பூசிவிட்டு வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் லாரி, போஸ்ட்மாஸ்டரின் முட்டிவலி, என் பல்பு ஏன் மூன்றாம் மாதமே போகிறது. பேச்சில் நாங்கள் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். என் மேலுதட்டில் நுரை காய்ந்து இழுக்க ஆரம்பித்தது. மூக்கைச் சுருக்கினேன். அத்தான் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணாடி அதிர்ந்தது.

"கத்தி எங்கே?"

"இதோ, வந்துட்டேன்!"

அக்கா நீட்டிய கத்தியை அவர் தோல் வாரில் முன்னும் பின்னும் இழுத்து, என் கன்னத்தில் வைத்தார். நான் எத்தனையோ சவரம் பார்த்தவன். அன்று கத்தி கன்னத்தின் மேல் போனது தெரிந்தது. ஆனால் போன இடத்தில் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை. முடி வளர்ந்த போக்கிலேயே, மேலிருந்து கீழாக, ஒரே ஒரு ஓட்டம். ஒட்டச் சுரண்டவும் இல்லை.

மகளைக் கூப்பிட்டோம். வந்தாள், என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, உங்க தோல் எருமைத் தோல். இதை வச்சு நான் எப்படி நம்புறது?"

எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் போய்விடாமல் மாப்பிள்ளைதான் நிறுத்தினார். கொப்புளம் ஆறி, ஒரு வார முள்தாடியோடு வாசலில் நின்றிருந்தார்.

"முகம் என்னோடதுதானே? நான் சொல்றேன்" என்றார். நேராகப் பின்னறைக்கு வந்து அக்காவின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார். "அத்தை, தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டீங்கல்ல? எனக்கு அது போதும். தீட்டுங்க."

அன்றுதான் நாங்கள் டீ போட்டுக் கொடுத்தது.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் கல்லில் கொஞ்சம் பால், நாலைந்து சொட்டுத் தண்ணீர், கத்தி பிடித்ததும் அத்தானின் இடி. மகள் ஒவ்வொரு நாள் காலையிலும் பூதக்கண்ணாடியோடு புருஷன் முகத்தைப் பரீட்சைத் தாள் மாதிரி திருத்தினாள். முதல் சவரத்துக்கு மறுநாள் காதுக்குக் கீழே ஒன்று, தாடையில் ஒன்று, ஆக இரண்டு புள்ளி. இரண்டாவதுக்கு ஒன்று. மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. நாலாவதுக்கும் இல்லை. அன்று அவள் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஸ்விட்ச் மாற்றினேன். அது நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் மாற்றினேன்.

சோதனை நாள் வந்தது. தீயணைப்பு நிலையம் எங்கள் தெருக்கோடியில்தான். அக்கா, மகள், நான் மூன்று பேரும் கம்பிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தான், "நாற்காலியில ஆளு இருக்கு, வர முடியாது" என்று சொல்லிவிட்டார். உண்மையில் பார்க்கத் தைரியம் இல்லை. நடுமுற்றத்தில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். நம் ஆள் ஆறாவது. அதிகாரி ஒவ்வொருவராகக் கவசத்தை மாட்டச் சொல்லி, காற்றுக்குழாய் சேரும் வாயை உள்ளங்கையால் அடைப்பார். மூச்சை இழுத்தால் கவசம் முகத்தோடு அமுங்க வேண்டும், அமுங்கியது பத்து எண்ணுகிற வரை அப்படியே நிற்க வேண்டும். கசிந்தால் தளர்ந்துவிடும்.

ஆறாவது ஆளின் முறை வந்தது. மாட்டினார். அதிகாரியின் கை அடைத்தது. மாப்பிள்ளை மூச்சை இழுத்தார். கவசம் உள்ளே அமுங்கியது. மகள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். நாலில் அவள் குரல் உடைந்தது. நான் தொடர்ந்தேன். ஏழில் என் குரலும் காலை வாரிவிட்டது. கவசம் அசையவில்லை.

"பிடிச்சிடுச்சு" என்றாள் அக்கா.

அதிகாரி பத்துக்கு மேலும் இரண்டு எண்ணினாரோ என்னவோ, கையை எடுத்தார், மாப்பிள்ளை தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மாப்பிள்ளை கவசத்தைக் கழற்றிக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடி வந்தார். வந்தவரின் முகத்தைப் பார்த்து மகள் வீறிட்டாள். "ஐயோ, மறுபடியும் சிவந்துடுச்சே!"

"இல்லம்மா, இல்ல! மாஸ்க் பதிஞ்ச தடம்!" என்று அவர் மூச்சு வாங்கச் சிரித்தார்.

நெற்றியில் ஆரம்பித்து, கன்னத்தின் ஓரமாக இறங்கி, தாடையைச் சுற்றி, மறுபக்கம் ஏறி, சிவப்பாக ஒரு வளையம். அக்கா கம்பிக்கு நடுவே கையை விட்டாள். கத்திமுனையைச் சோதிக்கிற அதே விரலால், அந்தத் தடத்தின் மேலேயே நெற்றியில் இருந்து தாடை வரைக்கும், தாடையில் இருந்து நெற்றி வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். ஒரு சுற்று முடிந்தது.

"எங்கயும் விட்டுப்போகல, மாப்பிள்ளை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பின்னாலேயே வந்த அதிகாரி எங்களைப் பார்த்து, "யாருப்பா இவங்க எல்லாம்?" என்றார்.

"என் மாமியார், சார்" என்றார் மாப்பிள்ளை. "இந்த முகத்துக்கு இவங்கதான் ஒரு மாசமா கத்தி தீட்டினாங்க."

அதிகாரி ஒரு அடி பின்வாங்கினார்.

அதற்குள் தெருவில் தடதடவென்று சத்தம். அத்தான் தோளில் துண்டோடு ஓடி வந்துகொண்டிருந்தார். "என்ன ஆச்சு? பிடிச்சுச்சா?" என்று தூரத்தில் இருந்தே கேட்டார். மகள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார். "கை என்னோடதுங்க. ஆனா கத்தி இவளோடது. இவ இல்லேன்னா இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" இருபத்துநாலு வருஷம் கழித்து, அதுவும் நடுத்தெருவில், மூச்சிரைக்கச் சொன்னார். நான் அவரைப் பற்றி இதுவரை சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது தெருமுனையில், கழுத்தில் வெள்ளைத் துணி பறக்க, ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையுமாக, போஸ்ட்மாஸ்டர் வேக வேகமாக வந்துகொண்டிருந்தார். அவருடைய கத்தி அத்தானின் சட்டைப் பையில் இருந்தது.

"கத்தி எங்கேய்யா?" என்று கத்தினார் போஸ்ட்மாஸ்டர்.

"இதோ, வந்துட்டேன்!" என்றாள் அக்கா.